சாம்பியன் டீமுக்கு சம்பளம் நின்றால் என்ன ஆகும்? ஹைதராபாத் எஃப்.சி.யின் 2023-24 சீசன்

மாசக் கடைசி. சம்பளம் கிரெடிட் ஆன மெசேஜுக்காக போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறீர்கள். வரவில்லை. எச்.ஆரிடம் கேட்டால் "அடுத்த வாரம் வந்துரும்" என்கிறார்கள். அடுத்த வாரமும் வரலை, அடுத்த மாதமும் வரலை. பக்கத்து சீட்டில் இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். டீம் லீடும் கிளம்பிவிட்டார். ஆனால் புராஜெக்ட் டெட்லைன் மட்டும் மாறவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதே நிலைமையை ஒரு கால்பந்து மைதானத்தில் வைத்துப் பாருங்கள். டி.வி.யில் நேரலை, எதிரே முழு பலத்துடன் இன்னொரு அணி, 90 நிமிடம் ஓடியே ஆகணும். 2023-24 ஐ.எஸ்.எல். சீசனில் ஹைதராபாத் எஃப்.சி. வீரர்கள் இருந்தது கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். 22 போட்டிகள், 1 வெற்றி, 5 டிரா, 16 தோல்வி. மொத்தம் 8 புள்ளிகள், 12 அணிகளில் கடைசி இடம். வெறும் இரண்டே வருடம் முன்னால் கோப்பையைத் தூக்கிய அணி அது.

"ஃபார்ம் போயிடுச்சு", "கோச் சரியில்லை" என்று இந்த சீசனைக் கடந்துபோக முடியாது. ஒரு கிளப்பில் பணம் நின்றால் எது முதலில் உடைகிறது, விதிகள் யாரைக் காப்பாற்றுகின்றன, யாரைக் கைவிடுகின்றன என்பதை இந்தியாவில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய சீசன் வேறு இல்லை.

எங்கே இருந்தார்கள்?

ஹைதராபாத் எஃப்.சி. பிறந்ததே இன்னொரு கிளப்பின் முடிவில்தான். புனே சிட்டி எஃப்.சி. பணப் பிரச்னையில் மூடப்பட்டபோது, ஐ.எஸ்.எல்.லில் அதன் இடம் 2019-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. கச்சிபௌலி ஸ்டேடியம்தான் அப்போது சொந்த மைதானம். ஐ.டி. வேலைக்காக ஹைதராபாத் போனவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதல் சீசனிலும் கடைசி இடம்தான், 18 போட்டிகளில் 10 புள்ளி. அதற்குப் பிறகு ஸ்பெயினைச் சேர்ந்த மனோலோ மார்க்கெஸ் பயிற்சியாளராக வந்தார். பெரிய பெயர்களை வாங்கிக் குவிக்காமல், இளம் இந்திய வீரர்களை நம்பி அணியைக் கட்டினார். ஆகாஷ் மிஸ்ரா, நிகில் பூஜாரி, முகமது யாசிர், சிங்லென்சனா சிங் எல்லாம் அந்த அணியில் வளர்ந்த பெயர்கள். முன்னால் கோல் அடிக்க நைஜீரியாவின் பர்த்தலோமியூ ஒக்பெச்சே இருந்தார். 2021-22 சீசனில் அவர் மட்டும் 18 கோல்.

அந்த சீசனின் இறுதிப் போட்டி, 2022 மார்ச் 20, கோவாவின் ஃபதோர்டா மைதானம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ், ஸ்டேடியம் முழுக்க மஞ்சள் ஜெர்சி. 88-வது நிமிடத்தில் சாஹில் தவோரா அடித்த கோலில் ஹைதராபாத் 1-1 என்று சமன் செய்தது. பெனால்ட்டி ஷூட்அவுட்டில் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று ஷாட்களைத் தடுத்தார். கோப்பை ஹைதராபாத்துக்கு. அடுத்த 2022-23 சீசனிலும் லீக் சுற்றில் இரண்டாம் இடம். அரையிறுதியில் மோகன் பகானிடம் பெனால்ட்டியில்தான் தோற்றார்கள்.

அதாவது, 2023 கோடையில் வெளியே இருந்து பார்த்தால் இது நாட்டின் சிறந்த இரண்டு மூன்று கிளப்களில் ஒன்று.

அப்புறம் என்ன ஆச்சு?

வெற்றி பெற்ற அணி என்பதும், வருமானம் உள்ள அணி என்பதும் ஒன்றல்ல. இந்தியக் கால்பந்தில் இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

ஒரு ஐ.எஸ்.எல். கிளப்புக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ஸ்பான்சர்கள், லீக்கின் பொது வருவாயில் ஒரு பங்கு, டிக்கெட், எப்போதாவது ஒரு வீரரை விற்ற பணம். செலவு? வீரர்கள், பயிற்சியாளர்கள் சம்பளம், குவாஹாட்டியில் இருந்து கொச்சி வரை விமானம், ஹோட்டல், மைதான வாடகை, இவற்றோடு லீக்கில் இருப்பதற்கான ஃபிரான்சைஸ் கட்டணம். வரவும் செலவும் ஒத்துப்போகாது. நடுவில் இருக்கும் ஓட்டையை ஒவ்வொரு வருடமும் உரிமையாளர் தன் பாக்கெட்டிலிருந்து அடைக்கிறார். பெரிய தொழில் குழுமங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. அந்தப் பாக்கெட் சின்னதாக இருந்தாலோ, அதிலேயே ஓட்டை விழுந்தாலோ, கிளப்புக்கு வேறு சேமிப்பு எதுவும் கிடையாது. ஸ்டார்ட்அப் உலகில் 'ரன்வே' என்பார்களே, அதேதான். அடுத்த ஃபண்டிங் வரவில்லை என்றால் கதை முடிந்தது.

2023 கோடையிலேயே அறிகுறிகள் தெரிந்தன. மார்க்கெஸ் எஃப்.சி. கோவாவுக்குப் போனார். ஆகாஷ் மிஸ்ரா மும்பை சிட்டிக்கு. ஹாவியர் சிவெரியோ, போர்ஹா ஹெரேரா இருவரும் ஈஸ்ட் பெங்காலுக்கு. ஒக்பெச்சேயும் இல்லை. எந்தக் கிளப்பிலும் ஆட்கள் மாறுவார்கள்தான். ஆனால் கோச், டாப் ஸ்கோரர், சிறந்த லெஃப்ட் பேக் எல்லோரும் ஒரே கோடையில் போனால், அதை வெறும் 'ஸ்குவாட் மாற்றம்' என்று சொல்ல முடியுமா?

சீசன் தொடங்கியதும் சம்பள பாக்கிப் புகார்கள் வெளியே வந்தன. ஃபிஃபா, கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தடை விதித்தது. ஜனவரி 2024-ல் அணையில் விரிசல் விழுந்தது போல ஆட்கள் வெளியேறினார்கள். யாசிர் எஃப்.சி. கோவாவுக்கு, சிங்லென்சனா பெங்களூருக்கு, வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம் என்பது விதி. ஹைதராபாத்திடம் கடைசியில் மிச்சம் இருந்தது பிரேசிலின் ஜோவாவ் விக்டர் ஒருவர்தான்.

சிங்லென்சனா பற்றி ஒரு விஷயம். 2023 மே மாதம் மணிப்பூரில் வன்முறை வெடித்தபோது சுராசந்த்பூரில் அவருடைய வீடு எரிந்துபோனது. அவர் அப்போது ஹைதராபாத் அணியோடு ஒரு போட்டிக்காக கோழிக்கோட்டில் இருந்தார். இந்தியாவில் ஆடும் பல வீரர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம், சில நேரம் ஒரு ஊரே அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறது. 'கோடிகளில் சம்பாதிக்கிறவங்கதானே' என்று எல்லா வீரர்களையும் பற்றிச் சொல்லிவிடக் கூடாது. கோடிகளில் வாங்குபவர்கள் ஒவ்வொரு அணியிலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மீதிப் பேர் 20, 21 வயதுப் பையன்கள். உடம்பு ஒத்துழைத்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடலாம், அவ்வளவுதான். ஒரு மூட்டுக் காயம் போதும் எல்லாவற்றையும் முடிக்க.

சம்பளம் தரலைன்னா வீரர் உடனே விலகிவிட முடியாதா?

முடியும். ஆனால் உங்கள் ஆபீசில் ரிசைன் பண்ணுவது போல அல்ல. ஃபிஃபாவின் விதிகளில் இதற்கென்றே 14பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்க வேண்டும். வீரர் கிளப்புக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்து, முழுப் பாக்கியையும் கொடுக்க 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் பணம் வரவில்லை என்றால் 'நியாயமான காரணம்' இருப்பதாகக் கருதி ஒப்பந்தத்தை முறிக்கலாம், பாக்கியோடு இழப்பீடும் கேட்கலாம். இந்த நடைமுறையைப் பின்பற்றாமல் கோபத்தில் மூட்டையைக் கட்டிவிட்டால், ஒப்பந்தத்தை மீறியவர் வீரர்தான் என்று கிளப் திருப்பி வழக்குப் போட வாய்ப்பு உண்டு.

எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் ஒரு முக்கியமான வித்தியாசம். வெளிநாட்டு வீரர் என்றால், வழக்கில் இரண்டு நாடுகள் இருப்பதால் நேராக ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீரருக்கு அதில் கட்டணமும் கிடையாது. தீர்ப்பு வந்த 45 நாளுக்குள் கிளப் பணம் கட்டவில்லை என்றால், கட்டும்வரை புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை. அதிகபட்சம் அடுத்தடுத்து மூன்று டிரான்ஸ்ஃபர் விண்டோ வரை அது நீளலாம்.

இந்திய வீரர், இந்தியக் கிளப் என்றால் வழக்கு உள்நாட்டு விவகாரம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர்கள் நிலைக் குழுவிடம்தான் போக வேண்டும். இங்கே இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. நாட்டில் டாப் லீக் ஒன்றே ஒன்று, அதில் அந்த சீசனில் 12 கிளப்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 21 வயதில் 'கேஸ் போடுற ஆள்' என்று பெயர் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? இண்டஸ்ட்ரி சின்னது என்பதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியாமல் இருக்காது.

வீரர்களுக்காவது இந்த வழி இருக்கிறது. பயிற்சியாளர்களுக்கும் 2021 முதல் ஃபிஃபா விதிகளில் தனிப் பிரிவு உண்டு. ஜெர்சி துவைப்பவர், பிசியோ, வேன் டிரைவர், சோஷியல் மீடியா பார்த்துக்கொள்ளும் பெண், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்? இவர்களுக்காக எந்த டிரான்ஸ்ஃபர் தடையும் வராது. சாதாரண தொழிலாளர் சட்டமும் சிவில் கோர்ட்டும்தான் வழி. ஒரு கிளப் தடுமாறும்போது செய்தியில் வரும் பெயர்கள் வீரர்களுடையது. பெயரே வராமல் போகிறவர்கள் இவர்கள்.

டிரான்ஸ்ஃபர் தடை உண்மையில் யாருக்குத் தண்டனை?

இந்தத் தடையின் தர்க்கம் எளிமையானது. பழைய ஆளுக்குப் பணம் தராமல் புது ஆளை எடுக்காதே. பணம் இருந்தும் இழுத்தடிக்கிற கிளப்புக்கு இது சரியான கடிவாளம். எதிர் அணிகள் ஜனவரியில் ஆள் எடுக்கும்போது நீங்கள் மட்டும் வேடிக்கை பார்க்க வேண்டி வந்தால், உரிமையாளர் செக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பணமே இல்லாத கிளப்பில் கதை வேறு. ஆட்கள் போகிறார்கள், பதிலுக்கு ஆள் எடுக்க முடியாது, இருப்பவர்களை வைத்து ஆட வேண்டும். ஹைதராபாத்தில் அதுதான் நடந்தது. பயிற்சியாளர் தங்போய் சிங்டோவிடம் மிஞ்சியது பெரும்பாலும் ரிசர்வ் அணியில் இருந்த பையன்கள். ஜனவரியில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பைக்கு அந்த அணியோடு போனார். மூன்று போட்டிகளிலும் தோல்வி. ஆனாலும் அந்தக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்காலிடம் 3-2 என்றுதான் தோற்றார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பையன்களுக்கு அநியாயம்.

சிங்டோ பற்றி ஒரு வரி. மணிப்பூர்க்காரர், ஷில்லாங் லஜோங் காலத்திலிருந்தே இளைஞர்களை வளர்ப்பதில் பெயர் எடுத்தவர். தோற்கும் அணியின் கோச் சீசன் நடுவில் தூக்கப்படுவது வழக்கம். இந்த சீசனை அவர்தான் கடைசிவரை ஓட்டினார்.

அப்புறம், அந்த ஒரு வெற்றி. எங்கே வந்தது தெரியுமா? சென்னையில். 2024 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று தோற்கடித்தார்கள். பிளே ஆஃப் கனவோடு இருந்த சென்னை ரசிகர்களுக்கு அது செம கடுப்பான ராத்திரி. (சென்னை பிறகு ஆறாம் இடம் பிடித்து பிளே ஆஃப் போய்விட்டது.) ஹைதராபாத் பையன்களைப் பொறுத்தவரை, புள்ளிப்பட்டியலில் அந்த மூன்று புள்ளியால் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் கடைசி விசில் ஊதியதும் அவர்கள் கொண்டாடியது கோப்பை வென்ற அணி போலத்தான்.

கால்பந்து உலகில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இத்தாலியின் பார்மா கிளப் 2014-15 சீசனில் வெறும் ஒரு யூரோவுக்குக் கைமாறி, கடைசியில் திவாலானது. வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அந்த நிலைமையிலும் 2015 ஏப்ரலில், அந்த வருடம் சாம்பியன் ஆன யுவென்டஸை 1-0 என்று வீழ்த்தினார்கள். ஆனால் அதற்காக யாரும் பார்மாவை மன்னிக்கவில்லை. புள்ளிகள் குறைக்கப்பட்டன, கிளப் நான்காம் டிவிஷனில் இருந்து மறுபடி தொடங்க வேண்டி வந்தது.

அப்போ ஹைதராபாத்துக்கு என்ன தண்டனை?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். லீக்கில் பெரிதாக எதுவும் இல்லை. புள்ளிக் குறைப்பு இல்லை. கடைசி இடம் வந்தும் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படவில்லை. ஐ-லீகில் ஜெயித்தால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வழி 2023-ல் திறந்தது. அப்படித்தான் பஞ்சாப் எஃப்.சி. வந்தது, அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். ஆனால் இறங்கும் வழி அந்த சீசனில் இல்லை.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2021-22-ல் டெர்பி கவுன்டி கிளப் பணச் சிக்கலில் மாட்டி, திவால் நிர்வாகத்துக்குப் போனதற்காக 12 புள்ளி, கணக்கு விதிகளை மீறியதற்காக 9 புள்ளி என மொத்தம் 21 புள்ளிகளை இழந்தது. வெய்ன் ரூனி பயிற்சியில் களத்தில் 55 புள்ளிகள் எடுத்தும், பட்டியலில் 34 ஆகி, கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இது நியாயமா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். உரிமையாளர் செய்த தப்புக்கு வீரர்களும் ரசிகர்களும் ஏன் அழ வேண்டும் என்பது நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பயம் இருப்பதால்தான் அடுத்த உரிமையாளர் கொஞ்சம் யோசிக்கிறார்.

நம் ஊரில் விதியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் முறைதான் இங்கேயும். சம்பள பாக்கி இருக்கக்கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆனால் லைசென்ஸ் கிடைக்காத கிளப்கள் விலக்கு கேட்டு லீக்கில் ஆட வழி இருக்கிறது. ஒரு கிளப்பை நீக்கினால் அட்டவணை, டி.வி. ஒப்பந்தம் எல்லாம் ஆட்டம் காணும் என்பதால் விலக்கு கொடுப்பதுதான் எளிது. என் கருத்தில் பிரச்னையின் வேர் இங்கேதான். லைசென்ஸ் சோதனை சீசனுக்கு முன்னால் ஒருமுறை நடக்கிறது, சம்பளமோ மாதாமாதம் நிற்கிறது. உரிமையாளரிடம் முழு சீசனுக்கான பணம் இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே வங்கி உத்தரவாதம் கேட்டு வைத்திருந்தால், ஜனவரியில் அந்த ஓட்டம் இருந்திருக்காது.

இது ஹைதராபாத்தோடு முடிந்த கதையா?

இல்லை. 2024-ல் பி.சி. ஜிண்டால் குழுமம் கிளப்பை வாங்கியது. 2024-25 சீசனில் 13 அணிகளில் 12-வது இடம், 18 புள்ளி. ஏதோ மூச்சு விட்டார்கள் என்று நினைத்தபோது லீக்கே நின்றுபோனது. சம்மேளனத்துக்கும், அப்போது லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையே இருந்த, 2010-ல் தொடங்கிய 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பு பற்றித் தெளிவு இல்லாததால் 2025 ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. ஹைதராபாத்தில் ஒரு கிளப்புக்கு நடந்ததைப் பார்த்து 'அவங்க மேனேஜ்மென்ட் சரியில்ல' என்று சொன்னவர்களின் கிளப்களிலேயே அதே கேள்வி வந்து நின்றது.

ஹைதராபாத்துக்குக் கால்பந்து புதிது இல்லை என்பதுதான் இதில் கூடுதல் வலி. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்தான் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனார். அவர் கதையைச் சொல்லும் 'மைதான்' படம், அஜய் தேவ்கன் நடித்தது, 2024 ஏப்ரலில் தியேட்டருக்கு வந்தது. அதே ஏப்ரலில்தான் ஹைதராபாத் எஃப்.சி. 8 புள்ளிகளோடு சீசனை முடித்தது.

2025 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. கிளப் ஹைதராபாத்தை விட்டு டெல்லிக்குப் போகிறது, புதுப் பெயர் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி. டெல்லிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2019-ல் டெல்லி டைனமோஸ் அணி புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. அதே வருடம்தான் புனே தன் அணியை இழந்து, ஹைதராபாத் ஓர் அணியைப் பெற்றது. ஆறு வருடம் கழித்து டெல்லிக்கு மீண்டும் ஒரு கிளப். கச்சிபௌலியில் 'டெக்கான் லீஜன்' என்று பெயர் வைத்து, அந்த 8 புள்ளி சீசனிலும் மஞ்சள்-கறுப்பு ஜெர்சியோடு வந்து கத்திய ரசிகர்களுக்கு, 2022 மார்ச் மாதத்துக் கோப்பை இப்போது எந்த ஊரின் கணக்கில் இருக்கிறது என்பதே குழப்பம்.